கடலைக் கண்டாலே ஒதுங்கிய நான்...



நான் 36 வயது இல்லத்தரசி. படித்தது பத்தாம் வகுப்பு. ஊர், மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் உப்பளங்களையும், வெள்ளை வெள்ளையாக நிற்கும் உப்புக் குவியல்களையும் பஸ் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். என் அம்மா அந்த உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்புச் சுமந்துதான் எங்களை வளர்த்தார்.

இப்படிப்பட்ட நான் சென்ற பிப்ரவரியில் ஒரு விளையாட்டுப் போட்டியில் கலந்து கொண்டேன். கோலப் போட்டி, கோ-கோ என்று நினைத்து விடாதீர்கள். அதற்குப் பெயர் டிரையத்லான். முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். மூன்றையும் நடுவே ஓய்வில்லாமல் செய்ய வேண்டும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1974-ல் தொடங்கியதாம். 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக்கிலும் சேர்த்து விட்டார்கள். குஜராத்தைச் சேர்ந்த பிரக்ஞா மோகன் என்ற பெண் 2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டுக்காக இதில் கலந்து கொண்டார். அங்கே 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 5 கிலோ மீட்டர் ஓட்டம். நான் சேர்ந்தது அதைவிடச் சிறியது. புதியவர்களுக்கானது. 400 மீட்டர் நீச்சல், 10 கிலோ மீட்டர் சைக்கிள், இரண்டரை கிலோ மீட்டர் ஓட்டம்.

"இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று நீங்களும் கேட்பீர்கள். எங்கள் தெருவே கேட்டது!

காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினைந்து வயது. மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன என் பெரியம்மா சுனாமியில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அன்றிலிருந்து அம்மா என்னைக் கடற்கரைப் பக்கமே விடவில்லை. நானும் போகவில்லை. கல்யாணமாகி இதே ஊரில் வாழ்க்கைப்பட்டும், அலைச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசையும்.

பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 2005-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்த பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் பலர் படகில் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை தெரியவில்லை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள். பலருக்கு நீந்தத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, பிள்ளைகளை விட்டு ஓடவும் மனம் வரவில்லை. இதைப் படித்துவிட்டு அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. கடலோரத்தில் ஆண் பிள்ளைக்கு நீச்சல் தானாக வந்துவிடுகிறது. பெண் பிள்ளையை மட்டும், "தண்ணிகிட்ட போகாதே" என்று சொல்லியே வளர்க்கிறோம்!

அதனால் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளைப் புதுச்சேரியில் நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். சனி, ஞாயிறு பஸ்ஸில் அழைத்துப் போவேன். அவள் தண்ணீரில், நான் பெஞ்சில். ஒரு நாள் பயிற்சி கொடுக்கும் அம்மா, "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, நீங்களும் இறங்குங்களேன்" என்றார்.

வீட்டில் சொன்னதும் அத்தை, "வயசுக்கு வரப் போற பொண்ணை வச்சுக்கிட்டு நீ குளத்துல குதிக்கப் போறியா?" என்றார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், "பீஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். கை, கால் மூடிய நீச்சல் உடை கிடைக்கிறது என்று தெரிந்ததும் அத்தையும் கொஞ்சம் அடங்கினார்.

முதல் மூன்று நாள் குளத்தின் ஓரத்தை விட்ட பாடில்லை. நீச்சலில் கையை வீசுவது பெரிய வித்தை இல்லை சகோதரிகளே, மூச்சுதான்! தண்ணீருக்குள் வாயால் மூச்சை விட வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்க வேண்டும். பயத்தில் மூச்சைப் பிடித்துக் கொண்டால் தீர்ந்தது. 25 மீட்டர் கடக்கவே எனக்கு நாலு மாதம் ஆனது. மகள் மீன் மாதிரி போய் விட்டு வந்து, "அம்மா, பதறாத" என்பாள்.

சைக்கிள் எனக்கு ஓரளவு வரும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்ததை எங்கள் டீச்சர் சொல்லிச் சொல்லியே எங்களையும் பழக வைத்தார். பதினோராம் வகுப்புக்குப் போயிருந்தால் அரசாங்கத்தின் இலவச சைக்கிளே கிடைத்திருக்கும். பத்தோடு நிறுத்தி விட்டார்கள். அந்த ஏக்கம் மகளின் லேடீஸ் சைக்கிளை எடுத்து ஓட்டியபோதுதான் தீர்ந்தது. விடியற்காலையில் உப்பளப் பாதையில் ஓட்டிப் பழகினேன். வேலைக்குப் போகும் பெண்கள், "ஏம்மா, யாரு துரத்துறாங்க?" என்று கிண்டல் செய்வார்கள்.

இப்படியே பதினாலு மாதம். போட்டி நாளும் வந்தது. எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு கடற்கரை. நீச்சல் கடலில்தான். அம்மாவும் வந்திருந்தார். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு மணலில் உட்கார்ந்து விட்டார். "நீ வெளியே வந்ததும் என்னைக் கூப்பிடு" என்றார்.

கையிலும் கெண்டைக்காலிலும் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதினார்கள். விசில் ஊதியதும் பதினோரு பெண்கள் இறங்கினோம். நூறு மீட்டர் கூடப் போயிருக்க மாட்டேன், யாரோ ஒருவரின் கால் முகத்தில் பட்டது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். மூச்சு அடைத்தது. பெரியம்மா முகம்தான் கண் முன்னால் வந்தது. காவலுக்கு நின்ற ஃபைபர் படகை எட்டிப் பிடித்தேன். படகில் இருந்த தம்பி, "அக்கா, பிடிச்சுக்கலாம், தப்பில்ல. படகு உங்கள இழுத்துட்டுப் போகத்தான் கூடாது. மூச்சு வாங்கிட்டுப் போங்க. வேணாம்னா சொல்லுங்க, ஏத்திக்கிறேன்" என்றது. அது விதியில் உள்ளதுதான்.

ஏறி விடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை. பிறகு பயிற்சி அம்மா சொன்னபடி மல்லாந்து மிதந்தேன். வானம் தெரிந்தது. மூச்சு சீரானது. திரும்பிப் படுத்து, கையை வீச ஆரம்பித்தேன். காலில் மணல் தட்டியபோது 16 நிமிடம் ஆகியிருந்தது. "அம்மா!" என்று கத்தினேன். அம்மா திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து ஈரத்தோடு என் முகத்தைத் தடவி, "வந்துட்டியா?" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

நான் அங்கேயே நின்று விட்டேன்! "அம்மா, ஓடு! டைம் ஓடுது!" என்று மகள் கத்தினாள். ஆமாம், உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். ஈர உடம்பில் சுடிதார் டாப்ஸ் ஏறுவேனா என்றது. ஹெல்மெட்டைப் போட்டுக் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். ஆறு நிமிடம் அதற்கே போனது.

சைக்கிளில் போகும்போது பின்காற்று, ராணி மாதிரி போனேன். திரும்பும்போது எதிர்காற்று, பிராணன் போனது. இறங்கி ஓடலாம் என்றால் கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. உப்பளத்துச் சேற்றில் நடப்பதுபோல இருந்தது. பாதி ஓட்டம், பாதி நடை. உப்புப் போட்ட மோரை மகள் நீட்டினாள். மொத்தம் 1 மணி 26 நிமிடம். பதினோரு பேரில் பதினோராவது!

கடைசியாக வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பதக்கம் இப்போது சாமி அலமாரிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாட்டியது யார் தெரியுமா? அத்தை! அதோடு நிற்கவில்லை. "உன் பொண்ணையும் அனுப்பு, கடலுக்குப் பக்கத்துல குடியிருக்கோம்" என்று என் நாத்தனாரிடம் சொல்லி, அவள் மகளையும் சேர்க்க வைத்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எங்களோடு நாலு பெண் பிள்ளைகள் வருகிறார்கள்.

அம்மா இன்னும் கடலைப் பார்த்து உட்காருவதில்லை. வற்புறுத்தவும் மாட்டேன்.

சகோதரிகளே, எல்லோரும் போட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடலோரமோ, ஏரிக்கரையோ, கிணற்றடியோ, தண்ணீர் இல்லாத ஊர் உண்டா? உங்கள் பெண்ணுக்குச் சமையல் சொல்லித் தருவதுபோல நீச்சலும் கற்றுக் கொடுங்கள். தெரிந்த ஒருவரின் துணையோடு, ஆழமில்லாத குளத்தில் ஆரம்பியுங்கள். கடலிலோ கிணற்றிலோ தனியாக இறங்கிப் பழக வேண்டாம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

அவளைக் கூட்டிப் போகும்போது நீங்களும் பெஞ்சில் சும்மா உட்காராமல் தண்ணீரில் இறங்குங்களேன்!

- மரக்காணம் வாசகி