சாவி யார் கையில்?

உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய கணினி நம்முடையது. மின்சாரக் கட்டணம் நம்முடையது. ஆனால் அதை ஆட்டுவிக்கும் மென்பொருள் யாருடையது? 2025 அக்டோபர் 14-இல், விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லையா? விண்டோஸ் 11-க்கு நீ தகுதியில்லை என்றது! நன்றாக ஓடும் கணினிகள் பல, ஒரே நாளில் வேண்டாப் பொருளாயின.

மாற்று உண்டா என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறோம்: உண்டு! 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சைத் தந்தார். இரண்டும் இணைந்தன, கட்டற்ற மென்பொருள் கால் ஊன்றியது. அதை எவரும் இயக்கலாம், பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம், அண்டை வீட்டாருக்கும் வழங்கலாம். வழங்குவது குற்றமல்ல, வழங்குவதற்கென்றே வந்தது அது!

"பொறியியல் படித்தவருக்கல்லவா அது?" என்பர் சிலர். லேத்தைத் தொடுமுன்பே லேத் வேலை கற்றவர் உண்டோ? தொட்டவர் கற்றார்; தயங்கியவர் நின்றார்.

தொடங்குவோருக்கு ஏற்றது லினக்ஸ் மின்ட். 2 ஜி.பி. நினைவகமே அதற்குப் போதும். 4 இருந்தால் நலம். அதன் சொந்தத் தளத்திலிருந்தே கோப்பை இறக்குங்கள். வெறுமனே நகலெடுத்தால் பயனில்லை. ரூஃபஸ் போன்ற கருவியால் பென் டிரைவில் எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும், நினைவிருக்கட்டும். பிறகு, கணினி தொடங்கும்போது எஃப் 12 போன்ற விசையை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் நிறுவாமலே லினக்ஸ் திரையில் எழும். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் பணிகிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையா? அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவுங்கள். பழையது பழையபடியே இருக்கும்.

பிடித்ததா? நிறுவுமுன் படங்களையும் சான்றிதழ்களையும் வேறிடத்தில் சேமியுங்கள். டிஸ்கை அழித்து நிறுவவா என்று கேட்கும் இடத்தில் நின்று நிதானியுங்கள். அழுத்தியபின் அழுது பயனென்ன? மனுக்களும் கடிதங்களும் எழுத, லிப்ரே ஆபீஸ் அதனுடனேயே வருகிறது. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குறையே இல்லை என்று கூறமாட்டோம். விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் சில இதில் ஓடா. பிழைப்புக்கு அவை வேண்டுமெனில் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

படிப்பகத்தின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் கணினியில் தொடங்குங்கள். கற்றவர் ஒருவர் இருவருக்குக் கற்பிக்கட்டும். பெட்டி நமதென்றால், சாவியும் நமதாகட்டும்!