நம்ம ஊர் ஏரிக்கு பிளமிங்கோ ஏன் வருவதில்லை?

திருவண்ணாமலை,

மழை முடிந்து ஏரிகள் நிரம்பியதும் திருவண்ணாமலை சுற்றுவட்டார கிராமங்களில் பெரிய பெரிய பறவைகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வால் பக்கம் லேசாக ரோஸ் நிறம் தெரிந்தால் போதும், செல்போனில் படம் பிடித்து ‘நம்ம ஏரியில் பிளமிங்கோ’ என்று அனுப்பி விடுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் மஞ்சள் மூக்கு நாரையாகத்தான் இருக்கும். பிளமிங்கோவின் கதையே வேறு.

தமிழில் இதற்கு பூநாரை என்று பெயர். பெயரில்தான் நாரை. உண்மையில் இதன் நெருங்கிய சொந்தம், நம்ம ஏரிகளில் முங்கி முங்கி எழும் சின்ன முக்குளிப்பான்தான். பூநாரை 4 முதல் 5 அடி உயரம், முக்குளிப்பான் ஒரு சாண் கூட தேறாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் விஞ்ஞானிகள் மரபணுவை ஆராய்ந்து உறுதி செய்த விஷயம் இது.

தலைகீழ் சாப்பாடு

பூநாரை நல்ல தண்ணீர் ஏரியை தேடி வராததற்கு காரணம் அதன் அலகுதான். நடுவில் வளைந்த அந்த அலகை தலைகீழாக தண்ணீருக்குள் விட்டு, நாக்கை பம்பு மாதிரி ஒரு நொடிக்கு பல முறை அசைக்கும். சேறும் தண்ணீரும் உள்ளே போய் வெளியே வரும். அலகின் ஓரத்தில் சீப்பு போன்ற பற்கள் இருப்பதால், டீ வடிகட்டியில் தூள் நிற்பது போல பாசியும் பொடி இறாலும் உள்ளே தங்கிவிடும். மற்ற பறவைகளுக்கு கீழ்த்தாடைதான் நன்றாக அசையும். இதற்கு மேல்தாடையும் அசையும்.

இந்த பொடி உயிர்கள் கோடிக்கணக்கில் பெருகுவது உப்புத்தண்ணீரில்தான். நல்ல தண்ணீர் ஏரியில் பெரும்பாலானவற்றை மீன்களே தின்று தீர்த்துவிடும். உப்பு கூடிய இடத்தில் மீன் குறைவு, போட்டியும் குறைவு. உடம்பில் சேரும் கூடுதல் உப்பை வெளியேற்ற பூநாரைக்கு தலையில் தனி சுரப்பி உண்டு. அது மூக்கு துவாரம் வழியாக சொட்டிவிடும்.

ரோஸ் நிறம் வருவதும் சாப்பாட்டால்தான். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டு வகை சத்து அந்த பாசியிலும் இறாலிலும் இருக்கிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். சிவக்க 2, 3 வருஷம் ஆகும். உயிரியல் பூங்காவில் அந்த சத்து கலந்த தீனி கொடுக்காவிட்டால் பெரிய பறவையும் வெளுத்துவிடும்.

அப்பாவும் பால் கொடுக்கும்

இந்தியாவில் இவை பெரும் கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத் மாநிலம் கட்ச் ரண் பகுதி. சேற்றை குவித்து மேடாக்கி, அதன் மேல் ஒரே ஒரு முட்டை. சுமார் ஒரு மாதம் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுக்கு தொண்டைப்பகுதியில் சுரக்கும் சிவப்பு நிற பாலை இரண்டுமே ஊட்டுகின்றன. அதை பார்த்து ரத்தம் கொடுக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு. பாலோடு நிறமும் போய்விடுவதால் தாய், தகப்பன் இரண்டுமே வெளுத்துப்போகும்.

ஒற்றைக்காலில் நிற்பதும் கஷ்டமான வேலை இல்லை. 2017-ம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இறந்துபோன பிளமிங்கோவை ஒற்றைக்காலில் நிறுத்தி பார்த்தனர். சாயாமல் நின்றது. இரண்டு காலில்தான் நிறுத்த முடியவில்லை! ஆயுசும் கெட்டி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பூங்காவில் 2014-ல் இறந்த பிளமிங்கோவுக்கு வயது குறைந்தது 83.

100 கிலோ மீட்டரில்...

திருவண்ணாமலைக்காரர்கள் பூநாரையை பார்க்க கட்ச் வரை போக வேண்டியதில்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாக சுமார் 100 கிலோ மீட்டர் போனால் மரக்காணம். அங்குள்ள கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் 2-வது பெரிய உவர்நீர் ஏரி. வடகிழக்கு பருவமழைக்கு பிறகு இங்கு பூநாரைகள் வருகின்றன. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தனுஷ்கோடியில் 500 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு 2025 ஜூன் மாதம் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. கழுவேலியில் ஆக்கிரமிப்பு, இறால் பண்ணை, பறவை வேட்டை என்று பல ஆண்டுகளாக புகார்கள் உண்டு. ஒரு ஏரி போனால் கொக்கு அடுத்த ஏரிக்கு போய் மீன் பிடித்துக்கொள்ளும். பூநாரைக்கு அது முடியாது. முழங்கால் ஆழ உப்புத்தண்ணீரும் சேறும் போய்விட்டால், பக்கத்தில் எத்தனை ஏரி நிரம்பி வழிந்தாலும் அதற்கு பட்டினிதான்.

மரக்காணம் போகிறவர்கள் காலை நேரத்தில் போவது நல்லது. படம் எடுக்க கிட்டே போனால் மொத்த கூட்டமும் கிளம்பிவிடும், அதனால் கரையில் இருந்தே பார்க்க வேண்டும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அலகு நீளமாக, மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் மூக்கு நாரை. நடுவில் மடங்கி, நுனி கருப்பாக இருந்தால் பூநாரை.