கிதார்ப் பெடலும் ஒரு ‘டப்’ ஓசையும்

சென்ற பொங்கல் விழாவிற்கு வந்திருந்த அன்பர்களுக்கு அந்த ஓசை இன்னும் நினைவிருக்கும். பள்ளி மாணவன் ஒருவன் மின் கிதாரில் ஒரு தமிழ்ப் பாடலை நன்றாகவே வாசித்துக்கொண்டிருந்தான். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில், காலடியிலிருந்த ஒரு சிறு பெட்டியை மிதித்தான். மண்டபமே அதிரும்படி ‘டப்’ என்று ஒரு சத்தம்! முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் யாரோ பட்டாசு கொளுத்திவிட்டதாகவே எண்ணிவிட்டார். பையன் நான்கு முறை மிதித்தான். நான்கு முறையும் அதே கதை.

விழா முடிந்தபின் செயற்குழுவில், சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சியில் மின் கருவிகளுக்கு இடமளிக்க வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. பையனோ கிதாரை உறையிலிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டான் என்று அவன் தந்தையார் நம்மிடம் வருந்திக் கூறினார். மின் கருவி என்பதற்காகவே முகம் சுளிப்பவர்கள், மாண்டலின் சீனிவாஸ் மின் மாண்டலினில்தான் கர்நாடக இசையை உலகெங்கும் கொண்டு சென்றார் என்பதை மறந்துவிடலாகாது. குற்றம் வாசித்தவனிடமா, பெட்டியிடமா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதே முறை என்று நமக்குப் பட்டது. பழைய ரேடியோக்களைப் பிரித்து மூடிய பழக்கம் நமக்குச் சிறிது உண்டு. ஆகவே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவன் வீட்டுக் கூடத்தில் போய் அமர்ந்தோம்.

முதலில் அப்பெட்டி யாதென்று சொல்லிவிடுவோம். கிதாரிலிருந்து வரும் மிக மெல்லிய மின் அலையை வாங்கி, அதன் குணத்தை மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதே ‘பெடல்’. 1962-இல் வெளிவந்த மேஸ்ட்ரோ என்னும் பெடல் ஒலியைக் கரகரப்பாக்கியது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் அதைக் கையாண்ட பிறகு உலகெங்கும் பரவியது. இன்று கரகரப்புக்கு ஒன்று, எதிரொலிக்கு ஒன்று, அலையலையாய் அசையும் ஒலிக்கு ஒன்று என்று ஒரு பலகையில் வரிசையாக அடுக்கிவைக்கிறார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்விட்ச். அதை மிதித்தால் அலை பெடலின் உள்ளே புகுந்து வரும். மீண்டும் மிதித்தால் உள்ளே நுழையாமல் நேரே கடந்து போகும். நம் பையனிடம் நான்கு பெடல்கள் இருந்தன.

“எந்தப் பெடல் தம்பி சத்தம் போடுகிறது?” என்றோம். “எல்லாமே போடுகிறது மாமா” என்றான். வீட்டில் பல விளக்குகள் ஒரே நேரத்தில் மங்கினால் ஒவ்வொரு பல்பையுமா கழற்றிப் பார்க்கிறோம்? ஆகவே எல்லாவற்றையும் பிரித்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை மட்டும் இயக்கினோம், அமைதி. கிதாரை நேரே செருகினோம். இலேசான உறுமல் தவிர வேறில்லை. அதன்பின் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ‘டப்’ என்ற ஓசை உண்மையில் இரண்டாவது பெடலில் மட்டுமே பிறந்தது. அதன்பின் நின்ற கரகரப்புப் பெடல் அதைப் பன்மடங்கு பெருக்கிக்காட்டியதால்தான் எல்லாம் சேர்ந்து சத்தமிடுவதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த இரண்டாவது பெடலைச் சிறிது நேரம் சும்மா விட்டுவிட்டு மிதித்தால் பெரிய வெடி. உடனே தொடர்ந்து நான்கைந்து முறை மிதித்தால் ஓசை தேய்ந்துகொண்டே போயிற்று. இது முக்கியமான தடயம். பெடலின் வாயிலிலும் வெளிவாயிலிலும் கெபாசிட்டர் என்னும் உறுப்பு உண்டு. உள்ளே இருக்கும் நேர்மின்சாரத்தை வெளியே விடாமல் தடுத்து, ஒலியாகிய மாறுமின்சாரத்தை மட்டும் கடத்துவது அதன் வேலை. ஆயினும் மிகச் சிறிதளவு கசியத்தான் செய்யும். நம் நகரவாசிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஒழுகும் குழாயின் கீழ் ஒரு செம்பை வைத்தால் சொட்டுச் சொட்டாக நிறைகிறதல்லவா? பெடலை அணைத்திருக்கும்போது ஸ்விட்ச் அந்தக் கெபாசிட்டரின் ஒரு முனையை அந்தரத்தில் விட்டுவிடுகிறது. கசிந்த மின்னூட்டம் அங்கே சேர்கிறது. மிதித்தவுடன் செம்பு கவிழ்ந்ததுபோல் அத்தனையும் ஒரே கணத்தில் ஆம்ப்ளிஃபயருக்குள் பாய்கிறது. அதுவே ‘டப்’. உடனுக்குடன் மிதித்தால் செம்பு நிறைய நேரமில்லை. ஆகவே ஓசையும் சிறுக்கிறது.

பரிகாரம், செம்பின் அடியில் ஊசித்துளை ஒன்று இடுவதே. பெடலின் வாயிலிலிருந்தும் வெளிவாயிலிலிருந்தும் கிரவுண்டுக்கு, பத்து லட்சம் ஓம் தடையுள்ள ரெசிஸ்டரை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தால் போதும். சேரும் மின்னூட்டம் அவ்வப்போது வடிந்துவிடும். தடை மிகப் பெரிதாகையால் இசைக்குப் பங்கம் வராது. ரெசிஸ்டரின் விலை ஓரிரு ரூபாய்தான். அதைப் பற்றவைக்க நம் கண்ணாடியைத் தேடியதில்தான் அரைமணி போயிற்று. கசிவு மிகுதியானால் கெபாசிட்டரையே மாற்றிவிட வேண்டும்.

வெடி அடங்கிய பிறகும் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஓசை எஞ்சி நின்றது. இது எத்தனை முறை மிதித்தாலும் தேயவில்லை. ஆகவே செம்பின் குற்றமன்று. மிதிக்கும்போது எரியும் சிவப்பு விளக்கின் கம்பியை அவிழ்த்துப் பார்த்தோம்; ஓசை மறைந்தது. விளக்கு திடீரென்று மின்சாரத்தை இழுப்பதால் உள்ளே ஏற்படும் சிறு குலுக்கல் அது. விளக்கோடு தொடராக இருக்கும் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டினோம். விளக்கு சற்று மங்கலாக எரிகிறது. ஓசை பெரும்பாலும் போய்விட்டது. முற்றும் போயிற்று என்று சொல்வதற்கில்லை. ஸ்விட்ச்சின் உலோக நாக்கு ஒரு முனையை விட்டு மறுமுனையைத் தொடும்போது எழும் ஓசையை ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து எல்லாப் பெடல்களையும் மாற்றித்தரும் விலையுயர்ந்த சாதனங்கள் சிலவற்றில், மாறும் கணத்தில் மட்டும் ஒலியை அடக்கிவிடும் ஏற்பாடு உண்டு. நம் பையனுக்கு அது இப்போது தேவையில்லை.

அடுத்தது ‘கீ’ என்று கொசு பாடுவதைப்போன்ற ஒலி. நான்கு பெடல்களுக்கும் ஒரே ஒன்பது வோல்ட் அடாப்டரிலிருந்து மாலைபோல் கம்பி கோத்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். எதிரொலிப் பெடல் கணிப்பொறி வகையைச் சேர்ந்தது. அதன் உள்ளே ஓடும் துடிப்பு மின்கம்பி வழியே மற்றவற்றுக்கும் பரவுகிறது. ஐயம் தீர, மற்ற மூன்றையும் அடாப்டரிலேயே விட்டு, அந்த ஒன்றை மட்டும் ஒன்பது வோல்ட் பாட்டரியில் ஓடவிட்டோம். கொசு பறந்துவிட்டது. தந்தையார் அதற்குத் தனி அடாப்டர் வாங்கிவிட்டார்.

இனிச் சொல்லப்போவதை அன்பர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். கிதாரின் இலேசான உறுமல் நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயலே. ஒற்றைச் சுருள் கொண்ட கிதார்களில் அது இயல்பு. இரட்டைச் சுருளால் அதை அடக்கும் வழிக்கு 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் காப்புரிமை கோரினார். ஆனால் மண்டபத்தில் அன்று கேட்டது வீட்டில் கேட்டதைவிடப் பலமானது. மேலும், மைக்கைத் தொட்டபோது உதட்டில் ‘சுரீர்’ என்றது என்று பையன் சாதாரணமாகச் சொன்னான். நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1972-இல் ஸ்காட்லாந்துக் கிதார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மாண்டார்.

மின்தொழிலாளி ஒருவரை அழைத்துச் சென்று, மண்டபத்தின் மேடைச் சாக்கெட்டைச் சோதிக்கச் செய்தோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சோதனை விளக்கு எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவில்லை. மேலேயுள்ள பெரிய துளைக்கு உட்புறம் கம்பியே இல்லை! மைக்கின் சாக்கெட்டிலோ எர்த் இருந்தது. பையனின் விரல் தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்டபோது இரண்டுக்கும் பாலமாக நின்றது அவன் உடல். உறுமலை ஒழிப்பதாகச் சொல்லி எர்த் முனையையே வெட்டிவிடும் வழக்கமும் சிலரிடம் உண்டு; அதை ஒருபோதும் செய்யலாகாது. எர்த் இருமுறை சுற்றிவருவதால் எழும் உறுமலுக்கு, ஒலிக்கம்பியின் நடுவே ஒரு தனிப்பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மரை இட்டால் தீரும்.

மண்டபத்தாருக்கு எழுதியிருக்கிறோம். மேடைச் சாக்கெட்டுக்கு எர்த் கம்பி இழுக்கப்படும் வரை அங்கே மின் கருவி எதையும் செருக வேண்டாமென்று செயற்குழுவிடம் நாமே கேட்டுக்கொண்டோம். தடை கூடாது என்று வாதிடப் போன நாமே தடை கேட்டு நின்றது சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. கிதார் பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஞாயிறு மாலைகளில் அவன் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடக்கிறது. அங்கே எர்த் சரியாக இருக்கிறதென்று சோதித்தாயிற்று.