பாம்புக்குட்டியின் அச்சமும் மதுரை வெயிலும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பாம்பு அரிதான பிராணி அன்று. மேலூர், சோழவந்தான் பக்கத்து நெல்வயல்களில் எலி தேடித் திரியும் சாரையும், கண்மாய்க் கரையில் மீனுக்குக் காத்திருக்கும் தண்ணீர்ப்பாம்பும் உழவர்கள் அடிக்கடி காண்பவையே. ஆயினும் அவற்றின் குட்டியொன்றைப் பிடித்துவந்து வீட்டில் வளர்ப்பது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சாரையும் நல்ல பாம்பும், புலியும் யானையும் இடம்பெற்றுள்ள முதல் அட்டவணைக்கே உயர்த்தப்பட்டுவிட்டன. எனவே செல்லப்பாம்பு என்ற பேச்சு அயல்நாட்டு இனங்களை, அதிலும் பெரும்பாலும் மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நஞ்சற்ற பந்து மலைப்பாம்பைக் குறித்தே எழுகிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இவ்வினம் அடங்குவதால், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இதனை வைத்திருப்போர் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளிலிருந்து மலைப்பாம்புகள் பலமுறை பறிமுதலாகியுள்ளதை நினைத்தால், விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, உரிய ஆவணங்களையே என்பது விளங்கும்.

பந்து மலைப்பாம்பின் தாய் முட்டைகளைச் சுற்றி அடைகாத்தாலும், குட்டிகள் வெளிவந்தபின் அவற்றைக் காப்பதில்லை. பருந்து, கீரி, பெரிய பாம்பு என எதற்கும் இரையாகக்கூடிய குட்டிக்குத் தன்னைவிடப் பெரிதாக நெருங்கும் எதுவும் கொல்ல வருவதே. அது சீறுவதும், கழுத்தை வளைத்துப் பின்னிழுத்துக் கொத்த முனைவதும், தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருள்வதும் அச்சத்தின் வெளிப்பாடுகளேயன்றிக் குணக்கேடு அன்று. நாயைப்போல வளர்ப்பவரிடம் பாசம் கொள்வதாகச் சொல்வது மிகை. பாம்பைப் பழக்குதல் என்பது, இந்தக் கையால் தீங்கில்லை என்பது அதற்குப் பழகும் வரை அச்சத்தைப் படிப்படியாகத் தணித்தலே ஆகும். பாம்பாட்டியின் மகுடிக்கு நல்ல பாம்பு ஆடுவதாகத் தோன்றுவதும் பழக்கத்தின் விளைவன்று. படமெடுத்த பாம்பு தன்முன் அசையும் பொருளின்மீது கண்வைத்துத் தற்காத்துக்கொள்கிறது, அவ்வளவே.

அச்சமுற்ற பாம்பை அடக்குவது வலிமையன்று, இருட்டு என்பதை இருளர் பழங்குடியினர் நன்கறிவர். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நஞ்செடுப்பதற்காகப் பிடிக்கப்பட்ட பாம்புகள் வாய்ப்பகுதி துணியால் கட்டப்பட்ட மண்பானைகளுக்குள் வைக்கப்படுகின்றன. ஒடுங்க இடமும் இருளும் கிடைத்ததும் அவை பெரிதும் அடங்கிவிடுகின்றன. வீட்டுக் குட்டிக்கும் இதுவே பொருந்தும். உடல் உரசும் அளவுக்கு நெருக்கமான மறைவிடம் ஒன்றைக் கூண்டின் வெதுவெதுப்பான பக்கத்திலும் மற்றொன்றைக் குளிர்ந்த பக்கத்திலும் வைத்து, வந்த முதல் ஒரு வாரமேனும் அதனைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஓரிருமுறை தயங்காமல் இரை எடுத்தபிறகே கையில் எடுக்கத் தொடங்கலாம்.

கையை மேலிருந்து இறக்கினால் குட்டிக்கு அது பருந்தின் பாய்ச்சலாகத் தோன்றும் என்பதால், பக்கவாட்டில் மெல்ல நீட்டி, தலையையும் வாலையும் விட்டு, உடலின் நடுப்பகுதியை அடியிலிருந்து தாங்கித் தூக்குவதே முறை. இறுக்கிப் பிடிக்காமல், ஒரு கையிலிருந்து மறுகைக்கு அதுவே ஊர்ந்து செல்ல விட்டு, தொடக்கத்தில் ஐந்து நிமிடங்களுக்குள் திருப்பி வைத்துவிடலாம். அச்சக்கடி ஒருபுறமிருக்க, பசிக்கடி என்ற ஒன்றும் உண்டு: பந்து மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை, வெளிநீளும் நாக்கோ வாசனைத் துகள்களைத் திரட்டி மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குச் சேர்ப்பது, எனவே எலிவாடை ஒட்டிய வெதுவெதுப்பான விரல் அதன் கணக்கில் எலிதான். கையைக் கழுவிக்கொண்டு, வளைகம்பியால் உடலை மெல்லத் தொட்டு, வருவது இரையன்று என உணர்த்தியபின் எடுத்தால் இக்கடி பெரும்பாலும் நேராது. இரை எடுத்த இரண்டு நாள்களுக்கும், கண்கள் நீலம் பாரித்து மங்கும் சட்டை உரிக்கும் காலத்திலும் தொடாதிருப்பது நன்று.

குளிர்நாட்டுக் கையேடுகள் கூண்டைச் சூடாக்கும் வழிகளையே பக்கம் பக்கமாக விளக்குகின்றன. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் மதுரையில் சிக்கல் தலைகீழானது. பாம்பு தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல், இடம் மாறி மாறியே சீர்செய்துகொள்வதால், கூண்டின் ஒருபக்கம் 32 டிகிரியை ஒட்டியும் மறுபக்கம் 26 டிகிரியை ஒட்டியும் இருத்தல் வேண்டும். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் மின்வெட்டு நேரத்தில் இந்த வேறுபாடு அழிந்துவிடுமாகையால், ஒதுங்க இடமின்றிக் கூண்டையே சுற்றிவந்து மோதும் குட்டியை முரட்டுக்குணம் கொண்டது எனக் கருதுவோர் முதலில் வெப்பமானியைப் பார்ப்பது நல்லது. தரைத்தளத்து அறையும், அகன்ற நீர்த்தொட்டியும், ஈரச்சாக்கு போர்த்திய கூண்டின் ஒரு மூலையும் அந்த மாதங்களில் எந்தப் பயிற்சியையும்விட விரைவாக அதன் சீற்றத்தைத் தணிக்கும்.