இரண்டு இலக்கம், ஐம்பது மீட்டர்

புதையல் என்றதும் பொற்காசு ஞாபகம் வருகிறதா? நான் சொல்வது ஜியோகேச்சிங். ஒருவர் சிறு பெட்டியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தருவார். ஜிபிஎஸ் துணையோடு மற்றவர்கள் தேட வேண்டும். உள்ளே தங்கமில்லை, பெயர் எழுத ஒரு குறிப்பேடுதான்! ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் முதல் புதையலாக ஒரு வாளி ஒளித்து வைக்கப்பட்டது.

சிலர் எண்களை நேராகத் தராமல் புதிர் போடுவார்கள். புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். உச்சிப் பாறையில் பொறித்துள்ள உயரத்தின் கடைசி இரண்டு இலக்கங்களே அட்சரேகையின் கடைசி இரண்டு இலக்கங்கள். பாறையில் இருப்பது 163.63 மீட்டர். அவசரத்தில் நான் எழுதியதோ 163.36!

கீழே இறங்கி வந்தால், கருவி பாதையில்லாத புதரைக் காட்டியது. "உள்ளே பூந்து பார்த்துடலாம்டா" என்றான் நண்பன். பாதையை விட்டு விலக அங்கே அனுமதியில்லை, இளஞ்செடிகளும் மிதிபடும். நின்று கணக்குப் போட்டேன். அட்சரேகையில் ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு சுமார் 1.85 மீட்டர். 63-க்கும் 36-க்கும் வித்தியாசம் 27. ஆக, 50 மீட்டர் பிழை! திருத்தியதும் பெட்டி கிடைத்தது, காப்பகத்துக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில்.

ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். விடை வரலைன்னா கருவியைத் தட்டாதீங்க. எழுதின எண்ணை முதலில் பாருங்க!