யாரைத் தண்டிப்பது? யாரை மன்னிப்பது?

கொலை செய்தவனைத் தூக்கில் போடத்தான் வேண்டுமா, மன்னித்து வாழ விடலாமா என்ற வாதம் டீக்கடையிலும் ஆபீசிலும் ஓயாமல் நடக்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இரு கட்சியாரும் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்த மூன்று சம்பவங்கள் அதை எடுத்துக் காட்டுகின்றன.

காட்டில் மாண்ட இரு அதிகாரிகள்

சேஷாசலம் மலைக்காடுகளில் வளரும் செம்மரத்துக்கு வெளிநாட்டில் நல்ல விலை. வெட்டவும் சுமக்கவும் ஆள் வேண்டும். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஏழைகளுக்கு ஏஜெண்டுகள் கூலி ஆசை காட்டி அழைத்துப் போனார்கள். பிடிபட்டால் சிறை கூலிக்காரனுக்கு. லாபமோ வேறு ஆளுக்கு.

2013 டிசம்பர் 15-ந் தேதி இந்தக் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர்கள். கடமையைச் செய்யப் போய் உயிரை விட்டவர்கள்.

இந்த வழக்கில் ஏறத்தாழ 300 பேர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கூலிகள். பலர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதிகளாகவே சிறையில் கிடந்தார்கள். 2016 மார்ச் மாதம் திருப்பதி கோர்ட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர்களை விடுதலை செய்தது.

இதில் யாருக்கு நியாயம் கிடைத்தது? இறந்த அதிகாரிகளின் குடும்பத்துக்குக் கொன்றவன் யார் என்றே தெரியவில்லை. குற்றம் செய்யாதவனுக்குப் போன இரண்டு வருஷம் திரும்பி வராது. கொன்றவன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அவனும் தப்பினான். முந்நூறு பேரை மொத்தமாகப் பிடிப்பது, ஒருவனையும் பிடிக்காததற்குச் சமம் ஆகிவிட்டது.

இருபது பிணங்கள்

2015 ஏப்ரல் 7-ந் தேதி அதிகாலை. அப்போது சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள சந்திரகிரிப் பகுதிக் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மலைவாழ் மக்களும் அவர்களில் உண்டு.

மரம் வெட்ட வந்த கும்பல் கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. வழியில் பஸ்சிலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் இடைக்கால நிவாரணமும் சி.பி.ஐ. விசாரணையும் வேண்டும் என்று ஆணையம் சிபாரிசு செய்தது. ஆந்திர அரசு ஐகோர்ட்டுக்குப் போனது. சிபாரிசுக்குத் தடை விழுந்தது. 2025 ஏப்ரலோடு பத்து ஆண்டு நிறைந்தது. அந்தப் பத்து ஆண்டில் இந்த இருபது சாவுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

செம்மரம் வெட்டுவது குற்றந்தான். ஆனால் மரம் வெட்டியதற்குத் தூக்கு என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அதிகாரிகளைக் கொன்றவர்களுக்குப் பாடம் புகட்டியாயிற்று என்று மனசுக்குள் நினைத்தவர்களும் உண்டு. கொன்றவர்கள் அந்த இருபது பேர்தான் என்று எந்தக் கோர்ட்டு சொன்னது? என்கவுண்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சம்பந்தப்படாத போலீசார் விசாரிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014 செப்டம்பரிலேயே விதிமுறை வகுத்திருந்தது.

மேயர் கொலை

அதே ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, சித்தூர் மேயர் கட்டாரி அனுராதா மாநகராட்சி அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். அவருடைய கணவர் மோகனும் பலியானார். பட்டப்பகலில் நடந்த இந்தக் கொலையில் வழக்கு பதிவாகி, சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, 2025 அக்டோபரில் சித்தூர் கோர்ட்டு 5 பேருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றம் சாட்டப்பட்ட மற்றும் பலர் விடுதலையானார்கள்.

பத்து ஆண்டு என்பது நீண்ட காலந்தான். ஆனாலும் இங்கே பெயர் உண்டு, சாட்சி உண்டு, தீர்ப்பு உண்டு. மரண தண்டனையை ஐகோர்ட்டு உறுதி செய்தாக வேண்டும், அப்பீல் உண்டு, அதற்குப் பிறகு கவர்னருக்கும் ஜனாதிபதிக்கும் கருணை மனு போடலாம். தூக்கு வேண்டுமா, ஆயுள் போதுமா, மன்னிக்கலாமா என்ற கேள்விக்கு இங்கேதான் அர்த்தம் இருக்கிறது. முதல் இரண்டு சம்பவங்களில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

மன்னிப்புக்கும் உண்மை வேண்டும்

வள்ளுவர் பொறையுடைமையை இல்லறத்தானுக்குச் சொன்னார். செங்கோன்மையை அரசனுக்குச் சொன்னார். பொறுப்பது பாதிக்கப்பட்டவரின் பெருமை. தண்டிப்பது அரசின் கடமை. அந்த அரசனுக்கும் அவர் முதலில் விதித்தது, தீர விசாரி என்பதைத்தான்.

மன்னிப்பைச் சட்டமாகவே வைத்துப் பார்த்த நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி ஒழிந்த பின், பிஷப் டெஸ்மாண்ட் டூட்டு தலைமையில் 1995-ல் ஒரு கமிஷன் அமைந்தது. அரசியல் காரணமாகச் செய்த குற்றத்துக்குப் பொதுமன்னிப்பு கேட்கலாம். ஆனால் செய்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. உண்மை என்ற விலை கொடுக்காமல் அங்கும் மன்னிப்பு கிடைக்கவில்லை.

பிழைக்க வந்தவர்கள் அறிய வேண்டியது

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வக்கீல் தரும். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கப்படாத வழக்கிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தோரோ அதே ஆணையத்தில் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. வன அதிகாரியின் குடும்பத்துக்கும் மலைக்கிராமத்துக் குடும்பத்துக்கும் இந்த வாசல் ஒன்றுதான்.

இரு வன அதிகாரிகளின் வீட்டாரும், இருபது கூலிகளின் வீட்டாரும் மொழியால் வேறு, மாநிலத்தால் வேறு. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் ஒன்றே: கொன்றது யார்? அதற்கு ஒரு கோர்ட்டு பதில் சொன்ன பிறகு, தண்டனை கேட்பதா, மன்னிப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். அந்தப் பதிலைக் கொடுக்காமல் மறந்துவிடு என்று சொல்வது மன்னிப்பு ஆகாது. விசாரிக்காமல் சுடுவதும் தண்டனை ஆகாது.