பெட்டியில் எழுதிய வாட்டும் காதில் கேட்கும் சத்தமும்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. ஸ்பிரிங்வெளி உட்பட பதுளைத் தோட்டங்களிலும், இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்களிலும், ஆபத்தை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்க ஓர் ஒலிபெருக்கி இருப்பது நல்லது. ஆனால் சங்கப் பணத்தைச் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போனால், சிறிய பெட்டியில்கூட '1000 வாட்' என்று எழுதியிருக்கிறது. இதை நம்பலாமா?

வாட் என்பது மின்சக்தியின் அளவு. ஸ்பீக்கர்களில் அதை இரண்டு விதமாக எழுதுவார்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்பது தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி. இதுவே நமக்குத் தேவையான கணக்கு. 'பீ.எம்.பி.ஓ.' என்பது கண நேர உச்சத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எண். அதை அளப்பதற்குப் பொது விதி இல்லாததால், கம்பனிகள் விரும்பியபடி பெரிதாக்கி எழுதலாம்.

உண்மையை அறிய ஓர் எளிய வழி உண்டு. பெட்டியின் பின்புறத்தையோ அடப்டரையோ பாருங்கள். 12 வோல்ட், 2 அம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட். உள்ளே போவது 24 வாட் என்றால், தொடர்ந்து 1000 வாட் வெளியே வர முடியுமா? அந்த 24 இலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும்.

வாட் இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும் என்று நினைப்பதும் தவறு. வாட் இரட்டித்தால் 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

அதனால் ஸ்பீக்கரின் 'சென்சிட்டிவிட்டி'யையும் கேளுங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்த சத்தம் அது. வீட்டுப் பெட்டி ஸ்பீக்கரில் சுமார் 88 டெசிபல் இருக்கும்; குழாய் ஸ்பீக்கரில் சுமார் 105. இந்த 17 டெசிபல் வித்தியாசம் ஐம்பது மடங்கு சக்திக்குச் சமம். பாட்டுக்குக் குழாய் இனிமையாக இராது. ஆனால் பேச்சைத் தூரத்துக்குக் கொண்டுபோக, 1000 வாட் என்று எழுதிய பெட்டியைவிட 30 வாட் ஆர்.எம்.எஸ். குழாய் நன்றாக உதவும்.

அம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் பொருந்த வேண்டும். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். வாட், அம்ப்ளிபயருடையதைவிடக் குறையக் கூடாது. அம்ப்ளிபயரில் குறித்த 'ஓம்' அளவுக்குக் குறைந்த ஸ்பீக்கரைப் பூட்டினால் அம்ப்ளிபயர் சூடாகிக் கெடும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

புயல் மழையில் முதலில் நின்றுபோவது கரண்ட். ஆகவே 12 வோல்ட் பற்றரியிலும் இயங்கும் அம்ப்ளிபயரையே வாங்குங்கள். அது 4 அம்பியர் எடுத்தால், 40 அம்பியர்-மணி பற்றரி பத்து மணித்தியாலத்துக்குப் போதும் என்பது கணக்கு. பற்றரி கெடாதிருக்க அதில் பாதியை, அதாவது ஐந்து மணித்தியாலத்தை மட்டும் நம்புங்கள்.

பணத்தைக் கொடுக்கும் முன், முடிந்தால் கொண்டுவந்து பூட்டிப் பாருங்கள். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் தூரத்துக் கடைசி வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு கேட்கட்டும். தகரக் கூரையில் மழை விழும்போதும் ஒருமுறை சோதியுங்கள். அங்கே சொல் விளங்கினால் அது நல்ல ஒலிபெருக்கி. பெட்டியில் எந்த எண் எழுதியிருந்தாலும் சரி.